லேபிளை விட்டு வந்த ராக் இசைக்குழு: எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ராக் இசைக்குழுவில் நாலு பேர். ஒரு ரெக்கார்டு லேபிளில், அதாவது பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிடும் நிறுவனத்தில், இரண்டு ஆல்பம் செய்துவிட்டு வெளியே வந்தோம். அதன்பிறகு ஒரு ஈ.பி.யும் (சில பாட்டுகள் மட்டும் கொண்ட சிறு வெளியீடு) ஒரு முழு ஆல்பமும் சொந்தமாக வெளியிட்டிருக்கிறோம். கச்சேரி முடிந்து ஆம்ப்ளிஃபயர்களை மூட்டை கட்டும் நேரத்தில் ரசிகர்களும், லேபிளை விட்டு வரலாமா என்று யோசிக்கும் மற்ற இசைக்குழுக்காரர்களும் வந்து கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். நின்றபடியே பதில் சொன்னால் பாதி விட்டுப்போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நான் டிரம்ஸ் வாசிப்பவன். குழுவின் கணக்கு வழக்கும் என் பொறுப்பு. ஒப்பந்தம், பணம் பற்றிய பேச்சு கொஞ்சம் அதிகமாக இருந்தால் காரணம் அதுதான்.

ஏன் வெளியே வந்தீர்கள்? சண்டையா?

சண்டை இல்லை. எங்கள் பாட்டு பிடித்துப்போய் எங்களை லேபிளுக்குள் அழைத்து வந்தவர் ஒருவர் இருந்தார். இரண்டாவது ஆல்பம் வந்த சில மாதங்களில் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு நாங்கள் யாரென்றே தெரியாது. மூன்றாவது ஆல்பத்துக்கான டெமோக்களை (மாதிரிப் பதிவுகளை) கொடுத்துவிட்டு பதினோரு மாதம் காத்திருந்தோம். அடுத்த ஆல்பம் வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை ஒப்பந்தப்படி லேபிளுடையது. ஆனால் அந்த முடிவைச் சொல்ல ஒரு கெடு இருந்தது. கெடு தாண்டியதும் வக்கீல் மூலம் ஒரு கடிதம் அனுப்பினோம், விடுவித்துவிட்டார்கள்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பல ஒப்பந்தங்களில் கெடு தாண்டினால் மட்டும் போதாது. 'கெடு தாண்டிவிட்டது, என்ன முடிவு?' என்று நீங்கள் எழுத்தில் கேட்டு, அதற்குப் பிறகும் சில வாரங்கள் பதில் வராமல் இருந்தால்தான் ஒப்பந்தம் முடியும். இதைத் தெரியாமல் விடுதலை ஆகிவிட்டோம் என்று நினைத்து அடுத்த இடத்தில் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. அப்புறம் இன்னொன்று: உங்களை அழைத்து வந்தவர் லேபிளை விட்டுப் போனால் நீங்களும் போகலாம் என்று ஒரு ஷரத்தைக் கேட்டு வாங்கலாம். புதுக் குழுக்களுக்கு எளிதில் தரமாட்டார்கள். இருந்தாலும் கேளுங்கள். நாங்கள் கேட்கவே இல்லை.

பழைய இரண்டு ஆல்பங்களும் இப்போது யாருடையவை?

மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் பதில் இதில்தான் இருக்கிறது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று. ஸ்டுடியோவில் நாங்கள் வாசித்துப் பாடி, கலந்து முடித்த அந்த ஒலிப்பதிவு இன்னொன்று. அந்தப் பதிவைத்தான் மாஸ்டர் என்கிறோம். பாட்டை எழுதியவர்கள் நாங்கள். எழுத்துரிமையை வேறு யாருக்கும் விற்காததால் அது இன்றும் எங்களிடம் இருக்கிறது. ஆனால் முதல் இரண்டு ஆல்பங்களின் மாஸ்டர் லேபிளுடையது. நாங்கள் வெளியே வந்ததால் அது மாறவில்லை. ஒப்பந்தம் முடிந்தது என்றால் புதிதாக எதுவும் தர வேண்டியதில்லை என்றுதான் அர்த்தம். கொடுத்தது திரும்பி வரும் என்று அர்த்தம் இல்லை.

ரேடியோஹெட் மாதிரி பெரிய குழுவுக்கே இதுதான் நிலை. இஎம்ஐ நிறுவனத்தில் ஆறு ஆல்பம் முடித்து வெளியே வந்து, 2007 அக்டோபரில் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைத் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட்டார்கள். உலகமே அதைப் பற்றிப் பேசியது. அடுத்த ஆண்டு ஜூனில் பழைய நிறுவனம் அவர்களுடைய பழைய பாட்டுகளைத் தொகுத்து ஒரு 'சிறந்த பாட்டுகள்' ஆல்பம் போட்டது. குழுவுக்கு அதில் எந்தப் பங்கும் இல்லை. தடுக்கவும் அவர்களால் முடியவில்லை, ஏனென்றால் மாஸ்டர் அவர்கள் கையில் இல்லை.

ஆகவே நீங்கள் ஒப்பந்தத்தை எடுத்து முதலில் பார்க்க வேண்டிய வரி இது: மாஸ்டர் என்றென்றைக்கும் லேபிளுக்கா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமா? குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு என்றால் அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். அது தானாகத் திரும்புமா, நீங்கள் எழுதிக் கேட்க வேண்டுமா என்பதையும் பாருங்கள். அமெரிக்கச் சட்டத்தில் 35 ஆண்டுகளுக்குப் பிறகு படைப்பாளி தான் எழுதிக் கொடுத்த உரிமையைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. ஆனால் முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்க வேண்டும், ஒலிப்பதிவு விஷயத்தில் லேபிள்கள் அதை எதிர்த்து வாதாடுவதும் உண்டு. இருபது வயதில் கையெழுத்துப் போடுகிறவருக்கு 35 ஆண்டு என்பது எவ்வளவு தூரம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பழைய ஆல்பங்களைக் கேட்டால் உங்களுக்குப் பணம் வருமா?

கணக்கில் வரும், கைக்கு வராது. அட்வான்ஸ் இன்னும் கழியவில்லை.

அட்வான்ஸ் கழிவதை ஒரு சின்னக் கணக்கால் சொல்கிறேன். லேபிள் உங்களுக்கு அட்வான்ஸாகவும் ஸ்டுடியோ செலவாகவும் 100 கொடுத்தது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ராயல்டி, அதாவது வருமானத்தில் உங்கள் பங்கு, 15 சதவீதம். அந்த 100 உங்கள் 15 சதவீதத்திலிருந்து மட்டும்தான் கழியும். அப்படியானால் அது முழுதாகக் கழிய லேபிளுக்கு ஏறக்குறைய 667 வந்திருக்க வேண்டும். லேபிள் தான் போட்ட 100-ஐ எப்போதோ எடுத்துவிட்டது. உங்கள் பேரேட்டில் மட்டும் கடன் நிற்கிறது. வீடியோ செலவில் பாதி, சுற்றுப்பயணத்துக்குக் கொடுத்த பணம் எல்லாம் அதே கடனில் சேரும். முதல் ஆல்பத்தின் கடனை இரண்டாவது ஆல்பத்தின் வருமானத்தில் கழிக்கலாம் என்றும் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இருந்தது.

நல்ல செய்தி ஒன்று உண்டு. வழக்கமான ஒப்பந்தங்களில் இந்தக் கடனை நீங்கள் கைக்காசிலிருந்து திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை, வெளியே போகும்போதும் கேட்க மாட்டார்கள். கழிகிற வரை ராயல்டி வராது, அவ்வளவுதான். எழுத்துரிமை ராயல்டி தனி வழியில் வருவதால் இந்தக் கடன் அதைத் தொடாது. எங்களுக்குப் பழைய ஆல்பங்களிலிருந்து இன்று கைக்கு வருவது அது ஒன்றுதான்.

அப்படியானால் ரசிகர்கள் பழைய ஆல்பங்களைக் கேட்கக் கூடாதா?

கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள். அந்தப் பாட்டுகளை வெறுத்து நாங்கள் வெளியே வரவில்லை. ஒவ்வொரு கேட்பும் அந்தக் கடனைக் கொஞ்சம் குறைக்கத்தான் செய்கிறது.

பழைய பாட்டுகளை மறுபடி பதிவு செய்து வெளியிடலாமே?

செய்யலாம், ஆனால் இன்றைக்கு முடியாது. லேபிள் ஒப்பந்தங்களில் மறுபதிவுத் தடை என்று ஒரு ஷரத்து இருக்கும். ஒப்பந்தம் முடிந்து சில ஆண்டுகள் வரை அதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து வெளியிடக் கூடாது என்பது அதன் சாரம். பாட்டு வெளியாகி ஐந்து ஆண்டு, அல்லது ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டு, இதில் எது பிந்தியதோ அதுவரை என்பது நெடுநாள் வழக்கம். இப்போது அதைவிட நீளமாகவும் கேட்கிறார்கள். எங்கள் முதல் ஆல்பத்துக்கு இன்னும் கொஞ்ச காலம் பாக்கி இருக்கிறது.

தடை தீர்ந்தவர்கள் செய்திருக்கிறார்கள். டெஃப் லெப்பர்டு குழு தங்கள் நிறுவனத்தோடு டிஜிட்டல் விற்பனைப் பங்கில் ஒத்துப்போகாமல், 2012-ல் தங்கள் மிகப் பிரபலமான பாட்டுகளில் சிலவற்றை அச்சு அசலாக மறுபடி பதிவு செய்து விற்றது. அசலைப் போலவே செய்வது எவ்வளவு கடினம் என்று ஒரு டிரம்மராக எனக்குத் தெரியும். அந்தக் காலத்து அறை, அந்தக் காலத்து டிரம்ஸ் தோல், அந்தக் காலத்து மணிக்கட்டு எதுவும் திரும்பி வராது. நாங்கள் செய்யும்போது அசலைப் பிடிக்க முயல மாட்டோம். இத்தனை ஆண்டு மேடையில் வாசித்து அந்தப் பாட்டுகள் இப்போது எப்படி மாறியிருக்கின்றனவோ அப்படியே பதிவு செய்வோம்.

எழுத்துரிமையை ஒரு பப்ளிஷிங் நிறுவனத்துக்கு (பாட்டுகளின் எழுத்துரிமையைக் கையாளும் நிறுவனம்) கொடுத்திருந்தால், உங்கள் பாட்டை நீங்களே மறுபதிவு செய்தாலும் அவர்களுக்கு உரிமத்தொகை கட்ட வேண்டும். இதையும் கணக்கில் வையுங்கள்.

கச்சேரியில் பழைய பாட்டு வாசிக்கலாமா?

தாராளமாக. மேடையில் வாசிக்க மாஸ்டர் உரிமை தேவையில்லை. வாசித்த பாட்டுகளின் பட்டியலை உங்கள் காப்புரிமைச் சங்கத்தில் பதிந்தால் எழுதியவருக்குத் தொகையும் வரும். பலர் இதைச் செய்வதே இல்லை.

ஆனால் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்து வெளியிட்டால் அது மறுபதிவு. எங்களுக்கு இதில் ஒரு வருத்தமான அனுபவம் உண்டு. வெளியே வந்த புதிதில் ஒரு கச்சேரி வீடியோவை இணையத்தில் ஏற்றினோம். இரண்டு நாளில் தானியங்கி முறை அதைப் பழைய ஆல்பத்தின் பதிவு என்று அடையாளம் கண்டு, விளம்பர வருமானத்தைப் பழைய லேபிளுக்குத் திருப்பிவிட்டது. வாசிப்பு வேறு, கூட்டத்தின் சத்தம் வேறு என்றாலும் மெட்டு ஒன்றுதானே, இயந்திரம் குழம்பிவிட்டது. ஆட்சேபம் எழுதும் முன் ஒப்பந்தத்தைப் புரட்டினேன். நேரலைப் பதிவும் தடைக்குள் வரும் என்று ஒரு வரி இருந்தது. நான்கு ஆண்டுகளாக அந்த வரியை நாங்கள் யாரும் படித்திருக்கவில்லை. வீடியோவை எடுத்துவிட்டோம். அன்று இரவு முழு ஒப்பந்தத்தையும் சத்தமாக, ஒருவர் மாற்றி ஒருவராக, நான்கு பேரும் படித்தோம். இந்த வேலையைக் கையெழுத்துப் போடும் முன் செய்யுங்கள்.

புதுப் பாட்டுகள் ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு எப்படிப் போகின்றன?

தனிக் குழு நேராக அங்கே கொடுக்க முடியாது. நடுவில் ஒரு டிஜிட்டல் விநியோகஸ்தர் வேண்டும். இவர்களில் இரண்டு வகை: ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு வருமானத்தை முழுதாகத் தருகிறவர்கள் ஒரு வகை, சந்தா இல்லாமல் வருமானத்தில் ஒரு சதவீதம் எடுப்பவர்கள் இன்னொரு வகை. சந்தா வகையில் ஒரு ஆண்டு பணம் கட்ட மறந்தால் பாட்டுகள் எல்லாத் தளங்களிலிருந்தும் இறங்கிவிடக்கூடும். நாங்கள் சதவீத வகையை எடுத்தோம். குழு ஒரு வருடம் ஓய்வெடுத்தாலும் பாட்டு அங்கேயே இருக்க வேண்டும் என்பதற்காக.

பாட்டை ஏற்றும்போது நிரப்பும் விவரங்களில் அவசரப்படாதீர்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்று எழுத்தும் இலக்கமுமாக 12 இடம் கொண்ட ஒரு அடையாள எண் உண்டு. அது அந்தப் பதிவோடு ஆயுள் முழுக்க இருக்கும். விநியோகஸ்தரை மாற்றும்போது அதே எண்ணைக் கொடுத்தால்தான், அதுவரை சேர்ந்த கேட்பு எண்ணிக்கை தொடர்ந்து வரும். புது எண் வாங்கினால் பாட்டு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். அதனால் எங்கள் எண்களை எல்லாம் ஒரு தாளில் எழுதி நால்வரும் ஆளுக்கொரு பிரதி வைத்திருக்கிறோம். எழுதியவர்களின் பெயரை ஒவ்வொரு முறையும் ஒரே எழுத்துக்கூட்டலில் கொடுங்கள். உங்கள் பெயரிலேயே வேறு குழு இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். எங்கள் முதல் சிங்கிள் (தனிப் பாட்டாக வெளியிட்டது) மூன்று நாள் இன்னொரு குழுவின் பக்கத்தில் இருந்தது.

எவ்வளவு நாள் முன்பே தயாராக வேண்டும்?

மாஸ்டரிங் (வெளியீட்டுக்கு முந்தைய கடைசி ஒலிச் சீரமைப்பு) முடிந்த கோப்பு கையில் வந்தபிறகு குறைந்தது நாலு வாரம். லேபிளில் இருந்தபோது இந்த வாரங்கள் எங்கே போகின்றன என்று எங்களுக்கு எரிச்சலாக இருக்கும், இப்போது புரிகிறது. ஸ்பாட்டிஃபையில் தளத்தாரின் பட்டியல்களுக்குப் பாட்டைப் பரிந்துரைக்க வேண்டுமானால் அது வெளியாகாத பாட்டாக இருக்க வேண்டும். வெளியீட்டுக்கு ஏழு நாளாவது முன்பே கொடுத்தால், உங்களைப் பின்தொடர்பவர்களின் புதுப்பாட்டுப் பட்டியலில் எந்தப் பாட்டு வர வேண்டும் என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். இசை பற்றி எழுதுகிறவர்களுக்கும் வானொலிக்காரர்களுக்கும் முன்கூட்டியே அனுப்ப மூன்று வாரமாவது வேண்டும்.

வெள்ளிக்கிழமைதான் வெளியிட வேண்டுமா என்று கேட்கிறார்கள். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்கப் புது இசை வெள்ளிக்கிழமை வருகிற வழக்கம் இருக்கிறது. பெரிய பெயர்கள் எல்லாம் அன்றைக்குத்தான் வருகின்றன. நாங்கள் ஈ.பி.யை ஒரு செவ்வாய்க்கிழமை விட்டோம், ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஸ்ட்ரீமிங்கில் பிழைக்க முடிகிறதா?

முடியவில்லை. ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று நிலையான விலை கிடையாது. பெரிய தளங்கள் பெரும்பாலும் மாத வருமானத்தை ஒரே தொகுப்பாக வைத்து, மொத்தக் கேட்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அதற்கேற்ப உரிமையாளருக்குத் தருகின்றன. எங்கள் ரசிகர் ஒருவர் மாதம் முழுக்க எங்களை மட்டுமே கேட்டாலும் அவர் கட்டிய சந்தா எங்களுக்கு நேராக வராது. அதோடு 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 கேட்பு தாண்டாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒலிப்பதிவு ராயல்டி தருவதில்லை. எங்கள் பாட்டுகளில் இரண்டு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன. இரண்டும் எனக்கு மிகவும் பிடித்தவை.

இங்கே ஒரு எச்சரிக்கை. பணம் கொடுத்தால் லட்சம் கேட்பு வாங்கித் தருகிறோம் என்று அஞ்சல் வரும். தொடவே தொடாதீர்கள். அவை இயந்திரக் கேட்புகள். தளம் கண்டுபிடித்தால் விநியோகஸ்தருக்கு அபராதம் போடும், அவர் உங்களிடம் வசூலிப்பார், பாட்டும் இறங்கும். லேபிள் என்ற கவசம் இல்லாத குழு அந்தப் பெயரைத் துடைக்க ரொம்பக் கஷ்டப்படும்.

நேராக விற்கும் இடத்தில்தான் எங்களுக்கு உண்மையான வருமானம். பேண்ட்கேம்ப் தளத்தில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 சதவீதமும் பொருள்களுக்கு 10 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள், பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. மீதி எங்களுக்கு. வாங்கியவர் சம்மதித்தால் அவருடைய மின்னஞ்சல் முகவரியும் கிடைக்கும். ஸ்ட்ரீமிங் தளம் எத்தனை பேர் கேட்டார்கள் என்று சொல்லும், யார் என்று சொல்லாது. லேபிளில் இருந்த காலத்தில் ரசிகர் பட்டியலும் அவர்களிடம்தான் இருந்தது. வெளியே வந்த அன்று எங்களிடம் ஒரு முகவரிகூட இல்லை. மாஸ்டரை இழந்ததற்கு அடுத்தபடி என்னை அதிகம் வருத்திய விஷயம் இது. இப்போது ஒவ்வொரு கச்சேரியிலும் எங்கள் பொருள்களை விற்கும் மெர்ச் மேசையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருக்கும். அந்த நோட்டை நான் என் பையில்தான் எடுத்துப் போவேன்.

ரேடியோஹெட் போல 'நீங்களே விலை சொல்லுங்கள்' என்று விடலாமே?

'இன் ரெயின்போஸ்' தரவிறக்கத்துக்கு விரும்பிய விலையைக் கொடுங்கள் என்று அவர்கள் விட்டது அழகான காரியம். கேட்பவரை நம்பினார்கள். ஆனால் அதற்கு முன் பத்து ஆண்டுக்கு மேல் பெரிய நிறுவனத்தின் பணத்தில் உலகம் முழுக்க அறியப்பட்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கொஞ்ச நாளில் அதே ஆல்பத்தைக் குறுந்தகடாக ஒரு தனி லேபிள் மூலம் கடைகளுக்கும் கொண்டுவந்தார்கள்.

எனக்கு அதைவிடப் பயன்பட்ட பாடம் நைன் இன்ச் நெயில்ஸ் குழு செய்தது. 2007-ல் நிறுவன ஒப்பந்தத்திலிருந்து விடுபட்டு, 2008 மார்ச்சில் 36 வாத்திய இசைத் துண்டுகளை வெளியிட்டார்கள். முதல் 9 துண்டுகள் இலவசம். முழுவதையும் தரவிறக்க 5 டாலர். குறுந்தகடு 10 டாலர். கையெழுத்திட்ட பெரிய பெட்டி 300 டாலர், மொத்தம் 2,500 பெட்டிகள்தான், சில நாளில் தீர்ந்துவிட்டன. ஒரே இசையைக் கையில் காசில்லாதவரும் வாங்க முடிந்தது, ஆயுள் முழுக்க வைத்திருக்க விரும்பியவரும் வாங்க முடிந்தது. எங்கள் அளவு அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அந்த அடுக்கு முறை எங்கள் அளவுக்கும் பொருந்தியது. ஈ.பி. தரவிறக்கத்துக்குக் குறைந்தபட்ச விலை வைத்து, மேலே விருப்பம்போலக் கொடுக்கலாம் என்று விட்டோம். குறைந்தபட்சத்துக்கு மேலே கொடுத்தவர்கள் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம்.

ஸ்டுடியோ செலவுக்குப் பணம்?

முன்பதிவு. இதற்கு முன்னோடிகள் மரில்லியன் குழுவினர். 1997-ல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பணமில்லை என்று அவர்கள் சொன்னபோது ரசிகர்களே கூடி ஏறக்குறைய 60,000 டாலர் திரட்டினார்கள். அதைப் பார்த்து, 2001-ல் வந்த ஆல்பத்தைப் பதிவு செய்யும் முன்பே ரசிகர்களிடம் முன்பணம் கேட்டார்கள். 12,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தார்கள். கூட்டுநிதித் தளங்கள் வழக்கத்துக்கு வராத காலம் அது.

நாங்கள் ஒரு தவறு செய்தோம். முன்பதிவு செய்தவர்களுக்கு டி-ஷர்ட், போஸ்டர், கையால் எழுதிய பாடல் வரிகள் என்று பலதும் சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டோம். கிடைத்த பணத்தில் பெரிய பங்கு அவற்றைச் செய்யவும் தபாலில் அனுப்பவும் போய்விட்டது. தபால் செலவை விலையில் சேர்க்காமல் இலக்கு வைக்காதீர்கள். ஆல்பத்துக்கு முன்பதிவு என்றால் ஆல்பத்தை மட்டும் கொடுங்கள், சீக்கிரம் கொடுங்கள். ரசிகர்கள் கேட்டது அதுதான்.

வினைல் போட்டீர்களா? இந்தக் காலத்தில் எதற்கு?

வினைல் இசைத்தட்டு போட்டோம், ஆல்பத்துக்கு மட்டும், சிறிய எண்ணிக்கையில். கச்சேரி முடிந்ததும் கையில் எதையாவது எடுத்துப் போக வேண்டும் என்று நினைப்பவர்கள் நிறைய. ஸ்ட்ரீமிங் இணைப்பைக் கையில் கொடுக்க முடியாது.

வினைலுக்குப் போகிறவர்கள் பாட்டுகளை வரிசைப்படுத்தும்போதே அதை மனதில் வைக்க வேண்டும். 12 அங்குலத் தட்டில், நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில், ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும், ஒலியின் அளவும் பேஸ் எனும் தாழ்ந்த ஒலிகளின் கனமும் குறையும். தட்டின் மையத்துக்குப் போகப் போக உச்ச ஒலிகள் மங்கும். அதனால் டிரம்ஸின் சிம்பல் ஓசை அதிகமான, ஆவேசமான பாட்டைப் பக்கத்தின் கடைசியில் வைக்காமல் அங்கே அமைதியான ஒன்றை வைப்பது நல்லது. எங்கள் ஆல்பத்தின் முதல் பக்கம் அமைதியான பாட்டோடு முடிவதற்கு இதுதான் காரணம். அதற்கு வரிகளில் ஆழமான அர்த்தம் தேடி எங்களுக்கு எழுதிய நண்பர்களுக்கு என் அன்பு. வினைலுக்கென்று தனி மாஸ்டரிங்கும் வேண்டும். ஸ்ட்ரீமிங்குக்குச் செய்ததை அப்படியே அனுப்பாதீர்கள்.

தொழிற்சாலை முதலில் சில சோதனைத் தட்டுகளை அனுப்பும். எல்லாவற்றையும் முழுதாகக் கேளுங்கள். ஒரு தட்டில் மட்டும் 'டிக்' சத்தம் வந்தால் அந்தத் தட்டு கெட்டது. எல்லாத் தட்டிலும் அதே நொடியில் வந்தால் அச்சு கெட்டது, மறுபடி செய்யச் சொல்ல வேண்டும். எங்களுக்கு இரண்டாவது பக்கத்தில் அப்படி வந்தது. திருப்பி அனுப்பியதில் ஏழு வாரம் போனது. முன்பதிவு செய்தவர்களுக்குக் காரணத்தை எழுதினோம், ஒருவர்கூடக் கோபப்படவில்லை.

உங்களுக்குள் பணத்தை எப்படிப் பிரிக்கிறீர்கள்?

எல்லாம் நாலு சம பங்கு, எழுத்துரிமை உட்பட. பெரும்பாலான மெட்டுகள் எங்கள் கிட்டாரிஸ்ட் கொண்டுவருபவை. அவர்தான் இந்த முறையைச் சொன்னார். எல்லாக் குழுவுக்கும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன். எந்த முறையானாலும் பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் யாருக்கு எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு பிரபலமான பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் குழு உடையும்.

குழுவின் பெயர் யாருடையது?

எங்களுடையது. வெளியே வரும்போது முதலில் சரிபார்த்தது அதைத்தான். சில ஒப்பந்தங்களில் குழுவின் பெயரும் இணையதள முகவரியும் லேபிளின் பெயரில் பதிவாகியிருக்கும். சமூக வலைப் பக்கங்களின் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்றும் பாருங்கள்.

லேபிளில் இருந்த எதை இழந்ததாக நினைக்கிறீர்கள்?

பலவற்றை. லேபிள் என்றாலே கொள்ளை என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் முதல் ஆல்பம் நல்ல ஸ்டுடியோவில், நல்ல பொறியாளரோடு, மூன்று வாரம் வேறு கவலை இல்லாமல் உருவானது. அந்த டிரம்ஸ் ஒலியைச் சொந்தக் காசில் என்னால் இன்றுவரை பிடிக்க முடியவில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு 'இரண்டாவது சரணம் வேண்டாம்' என்று சொல்ல ஒருவர் இருந்தார். பல தடவை அவர் சொன்னது சரி. இப்போது நாங்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் தட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்துவிடும் ஆபத்து இருக்கிறது. அதனால் பதிவான ஒலிகளைக் கலக்கும் முன் வெளியாள் ஒருவருக்குப் பணம் கொடுத்துக் கேட்க வைக்கிறோம். பத்திரிகைத் தொடர்பு வேலையையும் இந்த ஆல்பத்துக்கு மூன்று மாதம் ஒருவரிடம் கொடுத்தோம்.

நேரமும்தான் போகிறது. போன மாதம் நான் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்ததைவிட கணினி முன்னால் உட்கார்ந்த மணிகள் அதிகம்.

லேபிள் ஒன்று கூப்பிட்டால் திரும்பப் போவீர்களா?

போகலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நைன் இன்ச் நெயில்ஸும் சில ஆண்டுகள் தனியாக இருந்துவிட்டு 2013 ஆல்பத்தைப் பெரிய நிறுவனம் வழியாகத்தான் வெளியிட்டது. வில்கோ குழுவின் கதை இன்னும் விசேஷம். 2001-ல் அவர்கள் முடித்துக் கொடுத்த ஆல்பத்தை லேபிள் வேண்டாம் என்றது. அவர்கள் மாஸ்டரோடு வெளியே வந்து, தங்கள் தளத்தில் எல்லோரும் கேட்க விட்டார்கள். அடுத்த ஆண்டு இன்னொரு லேபிள் அதை வாங்கி வெளியிட்டது. பழைய லேபிளும் புதிய லேபிளும் ஒரே தாய் நிறுவனத்துக்குள் இருந்தவை. வெளியே வரும்போது மாஸ்டர் அவர்கள் கையில் இருந்ததால்தான் இதெல்லாம் நடந்தது.

எங்கள் நிபந்தனையும் அதுதான். மாஸ்டரை விற்க மாட்டோம், குறிப்பிட்ட காலத்துக்கு உரிமம் மட்டும் தருவோம். காலம் முடிந்ததும் கையிருப்பை விற்றுத் தீர்க்க ஆறு மாதம், அதன்பிறகு எல்லாம் எங்களுக்கே. ரசிகர் முகவரிகள் எப்போதும் எங்களிடம். இந்த ஆண்டு இரண்டு லேபிள்கள் பேசின. ஒன்று மாஸ்டர் வேண்டும் என்றது, நன்றி சொல்லிவிட்டு எழுந்துவிட்டோம். இன்னொன்று பழைய தொகுப்பைத் தொடாமல், அடுத்த ஆல்பத்துக்கு மட்டும் பத்து ஆண்டு உரிமம் கேட்கிறது. நாங்கள் ஐந்து சொல்லியிருக்கிறோம். பதிலுக்குக் காத்திருக்கிறோம். இந்தத் தடவை கெடு தேதியை நாங்களே எழுதிக் கொடுத்திருக்கிறோம்.